ஒரு விமானத்தையும் இழக்காத தளபதி

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் தளபதி தம் பன்னிரண்டு விமானங்களையும் ஆய்வு செய்தார். பன்னிரண்டும் மரத்தால் ஆனவை.

தளபதி முன்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் உதவி அதிகாரி. கடைசியில் தச்சர். முதல் விமானத்தின் இறக்கையைத் தளபதி வெள்ளைக் கையுறையால் தடவி, கையுறையைப் பார்த்தார். தூசி. நேற்று மாலைதான் துடைத்ததாகவும், அதற்குப் பிறகு காற்றடித்ததாகவும் தச்சர் சொன்னார். காற்று வான்படையின் பொறுப்பில் வருகிறது, ஆகவே அதன்மீது பழி போட முடியாது என்றார் தளபதி.

தச்சர் அதுவரை கட்டிலும் கதவும் செய்து பிழைத்தவர். போர் வந்தது. யாரும் கட்டில் கேட்கவில்லை. ஒரு லாரி வந்து அவரை ஏற்றிக்கொண்டு இந்த மைதானத்தில் இறக்கியது. மேலிருந்து பார்த்தால் விமானம் மாதிரித் தெரிய வேண்டும் என்று சொல்லி ஒரு புகைப்படம் கொடுத்தார்கள். பக்கவாட்டில் எடுத்த படம். மேலிருந்து எப்படி இருக்கும் என்று அவர் கேட்டார். அது ராணுவ ரகசியம் என்றார்கள். அவர் தமக்குத் தெரிந்த முறையில் செய்தார். கால்கள் மட்டும் கட்டில் கால்களைப் போல மிக உறுதியாக அமைந்துவிட்டன.

ஏற்பாடு எளிமையானது. எதிரி இவற்றைப் பார்த்து ஏமாந்து இங்கே குண்டு போடுவான். குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிஜத் தளம் பிழைத்துக்கொள்ளும். அப்படியானால் இங்கே மனிதர்கள் எதற்கு என்று தச்சர் முதல் நாளே கேட்டார். மனிதர்கள் இல்லாவிட்டால் எதிரி நம்பமாட்டான் என்றார் உதவி அதிகாரி. தச்சருக்கு அது புரிந்தது. பிடிக்கவில்லை.

ஆனால் எதிரி குண்டு போடவில்லை. அவனுடைய விமானங்கள் வந்தன, மைதானத்துக்கு மேலே ஒரு வட்டமடித்தன, குன்றைத் தாண்டிப் போயின. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் புகை எழுந்தது. தளபதி இதைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். தாக்கப்பட்ட தளத்தின் தளபதிக்குப் பதவி உயர்வு உண்டு. நம் தளபதிக்குப் பின்னால் படையில் சேர்ந்தவர்கள் எல்லாம் குண்டு வாங்கி மேலே போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஒரே ஒரு குண்டு போட்டிருந்தா அவன் சொத்து என்ன குறைஞ்சு போயிருக்கும்?" என்று உதவி அதிகாரியிடம் கேட்டார்.

உதவி அதிகாரி வானத்தைப் பார்த்து வருத்தப்பட்டார்.

இந்தத் தளம் மரத்தாலானது என்பது தலைமையகத்தில் ஒரே ஓர் அதிகாரிக்குத்தான் தெரியும். அவ்வளவு ரகசியம். அந்த அதிகாரி மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். மேசையை ஒப்படைத்தார், நாற்காலியை ஒப்படைத்தார், தொலைபேசியை ஒப்படைத்தார். ரகசியத்தை ஒப்படைக்கவில்லை. ரகசியத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி.

அதன் பிறகு தலைமையகத்தைப் பொறுத்தவரை இது பன்னிரண்டு விமானங்கள் நிற்கும் ஒரு தளம். தினமும் மாலையில் ஒவ்வொரு தளத்தையும் தொலைபேசியில் அழைத்து எத்தனை விமானங்கள் மிச்சம் என்று கேட்பார்கள். மற்ற தளபதிகள் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். நம் தளபதி மட்டும் கணீரென்று சொன்னார். பன்னிரண்டு, பழுது ஏதுமில்லை. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

விமானம் இருக்கிறது, விமானி இல்லையே என்பதைத் தலைமையகத்தில் யாரோ கவனித்தார்கள். பயிற்சி முடித்த கையோடு பன்னிரண்டு இளைஞர்களை அனுப்பிவைத்தார்கள். லாரியிலிருந்து கடைசியாக இறங்கியவன் தச்சரின் மருமகன்.

அவன் விமானத்தின் வயிற்றைத் தட்டிப் பார்த்தான். கதவைத் தட்டினாற்போல் சத்தம் கேட்டது.

"மாமா, இது என்ன மாமா?"

"மெதுவாப் பேசுங்க மாப்பிள்ளை. ராணுவ ரகசியம்."

"பறக்குமா?"

"என் கையால செஞ்சது. சத்தியமாப் பறக்காது."

மருமகன் இறக்கையடியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அழுகிறானோ என்று தச்சர் குனிந்து பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனோடு படித்த மற்றவர்கள் குன்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்தார்கள். காலையில் அங்கிருந்து விமானங்கள் கிளம்பும் சத்தம் கனமாகக் கேட்கும். திரும்பும் சத்தம் மெலிந்திருக்கும். தச்சர் அந்த நேரத்தில் வேலையை நிறுத்திவிட்டு நிற்பார். அவர் மகள் வாயும் வயிறுமாக வீட்டில் இருந்தாள். புருஷன் பயிற்சிக்குப் போன நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவரை எப்படியாவது பத்திரமாக வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா அப்பா என்று கேட்டிருந்தாள். கட்டில் செய்கிறவன் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும். இப்போது பதில் தானாக லாரியில் வந்து இறங்கியிருந்தது.

அன்று மாலை தச்சர் மருமகனுக்கு ஒதுக்கப்பட்ட விமானத்தின் கால்களைச் சுற்றி முளையடித்துத் தரையோடு இறுக்கினார். எதற்கும் இருக்கட்டும்.

விமானிகள் மாதத்தில் குறிப்பிட்ட நேரம் பறந்திருக்க வேண்டும். பறக்காவிட்டால் அவர்கள் விமானிகள் அல்ல. விமானிகள் இல்லாவிட்டால் தளபதி தளபதி அல்ல. ஆகவே காலையில் பன்னிரண்டு பேரும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மர விமானங்களில் ஏறி உட்கார்ந்தார்கள். உதவி அதிகாரி கொடியசைத்தார். மதியம் மறுபடி கொடியசைத்தார். இறங்கினார்கள். அந்த நேரம் பறந்த நேரமாகக் கணக்கில் ஏறியது. நாற்காலி போட்டுத் தரும்படி மருமகன் கேட்டான். தச்சர் சாய்வு வைத்தே போட்டுக் கொடுத்தார். அதுதான் வினையாகிவிட்டது. மூன்றாம் நாள் அவன் தூங்கிப்போனான். தளபதி ஆய்வுக்கு வந்தபோது குறட்டை கேட்டது.

விசாரணை நடந்தது. தளபதி நடுவில் உட்கார்ந்தார். தச்சரைச் சாட்சியாக நிறுத்தினார்கள்.

"பறந்துக்கிட்டிருக்கும்போது தூங்கியிருக்கே. எத்தனை உயிருக்கு ஆபத்து, தெரியுமா?"

விமானத்தில் தான் மட்டும்தான் இருந்ததாக மருமகன் சொன்னான்.

"கீழே இருக்கற ஜனங்க?"

மருமகன் கீழே பார்த்தான். தச்சரும் பார்த்தார். அவன் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டான். ஒரு வாரம் பறக்கத் தடை விதித்தார்கள். அந்த வாரம் முழுக்க அவன் மரத்தடியில் நின்று மற்றவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது கஷ்டமாக இருந்ததாகப் பிறகு மாமனாரிடம் சொன்னான். பழக்கமாகிவிட்டதாம்.

போர் வளர்ந்தது. மற்ற தளங்களின் விமானங்கள் பாதியாயின. பிறகு அதிலும் பாதியாயின. குன்றுக்கு அந்தப் பக்கம் காலைச் சத்தமும் மெலியத் தொடங்கியது. தலைமையகத்துக் கரும்பலகையில் மாறாமல் நின்றது ஒரே எண். ஒரு விமானத்தையும் இழக்காத தளபதி யார் என்று தலைமைத் தளபதி கேட்டாராம். நம் தளபதி பதவி உயர்ந்து ஏர் கமடோர் ஆனார். தோளில் புதிய பட்டை ஏறியது. அவர் எதிரியைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். எதிரி இந்தத் தளத்தை நெருங்கவே அஞ்சுகிறான் என்று சொல்லத் தொடங்கினார். முதலில் தலைமையகத்தில் சொன்னார். பிறகு தளத்திலேயே சொன்னார். பிறகு தனியாக இருக்கும்போதும் சொன்னார் என்று உதவி அதிகாரி தச்சரிடம் குசுகுசுத்தார்.

மற்ற தளபதிகளுக்கு அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி தலைமையகம் அவரை அழைத்தது. விமானங்களைப் பராமரிப்பவரையும் கூட்டிவரச் சொன்னார்கள். தச்சருக்கு அளவு பெரிதான ஒரு சீருடை கொடுத்தார்கள். நீண்ட மேசை. ஒவ்வொருவர் முன்னாலும் தேநீர். தளபதிகள் சவரம் செய்யாமல், கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்கள். குன்றுக்கு அந்தப் பக்கத்துத் தளபதிக்குக் கையில் கட்டு. நம் தளபதி எழுந்து நின்றார்.

"நண்பர்களே, உங்க விமானங்களை யார் அழிச்சாங்க? எதிரின்னு சொல்லுவீங்க. நான் ஒத்துக்க மாட்டேன். நீங்க அனுப்பினீங்க. அனுப்பினதாலதான் போச்சு. பறக்கறதுதான் விமானத்துக்கு முதல் எதிரி. என் தளத்துல இந்தப் போர் முழுக்க எரிபொருள் ஒரு சொட்டு வீணாகலை. டயர் தேயலை. விமானிங்க மேல ஒரு கீறல் இல்லை. இதை நான் எப்படிச் சாதிச்சேன்? கட்டுப்பாடு. வெறும் கட்டுப்பாடு."

கையில் கட்டுப் போட்டவர் தச்சரைப் பார்த்து, என்ன எண்ணெய் போடுகிறீர்கள் என்று கேட்டார். வார்னிஷ் என்றார் தச்சர். கட்டுப் போட்டவர் யோசித்தார். பக்கத்திலிருந்தவரிடம் அதைத் திரும்பச் சொன்னார்.

தலைமைத் தளபதி எழுந்து கைதட்டினார். இப்படி ஒரு படைப்பிரிவு முழுசாக இருக்கும்போது நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை விடியற்காலை எதிரியின் துறைமுகத்தின்மீது பெருந்தாக்குதல். அதற்கு இந்தப் பன்னிரண்டும் தலைமை தாங்கும். சம்மதமா என்று கேட்டார்.

தளபதி உண்மையைச் சொல்லிவிடுவார் என்று தச்சர் நினைத்தார். தளபதி விறைத்து நின்று சல்யூட் அடித்தார். இது தம் வாழ்நாள் பெருமை என்றார்.

திரும்பி வரும் வழியில், பாதித் தூரத்தில் தச்சர் காரில் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, உண்மையைச் சொல்லிடலாமே."

"என்ன உண்மை?"

"மரம்னு."

"தச்சரே, அது ரகசியம். ரகசியத்தை வெளியே விட்டவனைச் சுடணும். தளத்துல மூத்த அதிகாரிதான் சுடுவார். மூத்தவன் நான். என்னை நான் எப்படிச் சுட்டுக்கறது? நிர்வாகச் சிக்கல் இருக்கு."

தச்சருக்கு அது சிக்கலாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை மாலை தளபதி விமானிகளை வரிசையில் நிறுத்தினார். நாளை விடியற்காலை விமானங்கள் எரிக்கப்படும். அவை எதிரித் துறைமுகத்தில் வீழ்ந்ததாக அறிவிக்கப்படும். விமானங்கள் வீழ்ந்து விமானிகள் மட்டும் திரும்பினால் கேள்வி வரும். ஆகவே விமானிகளும் வீரமரணம் அடைய வேண்டும். உடம்புக்கு எதுவும் ஆகாது. வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஒன்று. செத்தவன் உயிரோடிருப்பது வெளியே தெரிந்தால் அவன் படையைவிட்டு ஓடிப்போனவன். ஓடிப்போனவனுக்கு என்ன தண்டனை என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டாயம் எதுவுமில்லை. சாக விருப்பமில்லாதவர்கள் குன்றுக்கு அந்தப் பக்கம் போகலாம், அங்கே நிஜ விமானங்கள் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன.

நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் ஓரடி முன்னால் வரலாம் என்றார்.

பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் வந்தார்கள். ஒருவன் இரண்டடி வைத்தான். தளபதியின் கண்கள் கலங்கின. இவ்வளவு துணிச்சலைத் தம் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்றார். அவர் உண்மையாகவே அழுதார். தச்சர் பார்த்தார்.

விடிவதற்குள் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். உதவி அதிகாரி கொடியசைத்தார். வார்னிஷ் நன்றாகப் பிடித்துக்கொண்டது. தளபதி நெருப்புக்கு முன்னால் சல்யூட் அடித்தபடி நின்றார், புகை கண்ணில் பட்டும் கையை இறக்கவில்லை. மருமகன் மாமனாரின் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாகவே வெளியேறினான்.

காலைச் செய்தியில் பன்னிரண்டு வீரர்களின் தியாகத்தைச் சொன்னார்கள். எதிரி வானொலியும் மறுக்கவில்லை. பன்னிரண்டு விமானங்களையும் தாங்கள்தான் சுட்டு வீழ்த்தியதாகச் சொன்னது. அங்கேயும் யாரோ ஒரு தளபதிக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

பஸ் தாமதமாகிவிட்டது. தச்சரும் மருமகனும் தெருவுக்குள் நுழைந்தபோது வீட்டு வாசலில் கூட்டம். ராணுவக் கார் ஒன்று நின்றது. உள்ளே மகள் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஓர் அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவளுடைய கணவன் கடைசி நிமிடம் வரை போரிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகன் வாசற்படியில் தயங்கினான். மகள் நிமிர்ந்து பார்த்தாள். அழுகை பாதியில் நின்றது.

தச்சர் குறுக்கே போய் நின்றார்.

"மாப்பிள்ளையோட அண்ணன், சார். வெளியூர். சேதி கேட்டு ஓடி வந்திருக்கார்."

அதிகாரி மருமகனின் கையைப் பற்றி ஆறுதல் சொன்னார். தம்பியைப் போலவே முகச்சாடை என்றார். இறந்தவரின் புகைப்படத்தை அவர் அப்போதுதான் பார்த்திருந்தார்.

"அழும்மா," என்றார் தச்சர், மகளின் காதருகே.

"எப்படிப்பா அழறது?"

"முன்னே அழுத மாதிரியே அழு. அதிகாரி இன்னும் போகலை."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அவளும் சேர்ந்து அழுதாள்.

அன்றிரவு மகள் சாப்பிட்டாள். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தச்சருக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. மருமகன் தாடி வளர்த்தான். பகலில் வெளியே போவதில்லை. செத்துப்போன தம்பியின் வீட்டில் அண்ணன் இத்தனை நாள் என்ன செய்கிறான் என்று தெருவில் பேச்சு எழுந்தது. முழுப் பூசணிக்காயைக்கூட மறைத்துவிடலாம், அது குறட்டை விடாது என்று தச்சர் நினைத்துக்கொண்டார். போர் முடியட்டும். பிள்ளை பிறக்கட்டும். வேறு ஊருக்குப் போய்விடலாம்.

போர் முடியவில்லை. பதக்கம் வழங்கும் விழா வந்தது. எல்லாக் குடும்பங்களும் வர வேண்டும் என்பது உத்தரவு. ஆண் உறவினர்கள் கட்டாயம்.

பெரிய மண்டபம். பன்னிரண்டு குடும்பங்கள் முன்வரிசையில். ஒவ்வொரு குடும்பத்திலும் வெளியூரிலிருந்து ஓர் அண்ணனோ தம்பியோ வந்து சேர்ந்திருந்தான். பெரும்பாலும் எல்லோருக்கும் தாடி. ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் தலைமைத் தளபதி, இந்த நாட்டில் குடும்பப் பாசம் அழியவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்டார்.

நம் தளபதி இப்போது ஏர் மார்ஷல். நெஞ்சில் பதக்கங்களுக்கு இடமில்லாமல் இரண்டு இடுப்புப் பக்கம் இறங்கியிருந்தன. அவர் பேசினார். அந்த விடியற்காலையைப் பற்றிப் பேசினார். பன்னிரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக மேலெழுந்ததைத் தம் கண்களால் பார்த்ததாகச் சொன்னார். கடைசி விமானம் இறக்கையை அசைத்து விடைபெற்றதாம். அவர் குரல் உடைந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். அந்த வீரர்களின் பெயரில் புதிய படைப்பிரிவு தொடங்கப்படுவதாகவும், விமானங்கள் கப்பலில் வந்து இறங்கிவிட்டதாகவும் அறிவித்தார். ஆள்தான் போதவில்லை என்றார்.

பிறகு கீழே இறங்கி வரிசையாகப் பதக்கம் குத்திக்கொண்டு வந்தார். தச்சரின் மகள் முன்னால் நின்றார். அவளுடைய வயிற்றைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் புருஷனை என் பிள்ளை மாதிரி எனக்குத் தெரியும் என்றார். பிறகு அவள் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார்.

தச்சர் ஏர் மார்ஷலின் முகத்தில் ஒரு சிமிட்டலைத் தேடினார். ஒரு சிரிப்பை, ஓர் எச்சரிக்கையை. ஒன்றுமில்லை. ஏர் மார்ஷல் அந்த ஆளை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"நீ யாரு?"

"அண்ணன் சார்," என்றான் மருமகன்.

ஏர் மார்ஷல் அவன் தோளைப் பிடித்துப் பார்த்தார். கையை மடக்கிப் பார்த்தார். கண்ணிமையை விரலால் விலக்கி வெளிச்சத்தில் பார்த்தார். உதவி அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். உதவி அதிகாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பையனை நாளைக் காலையே சேர்த்துக்கொள்ளும்படியும், முதல் விமானத்தையே இவனுக்குக் கொடுக்கும்படியும் ஏர் மார்ஷல் சொன்னார். மகள் தச்சரின் சட்டையைப் பின்னாலிருந்து பற்றினாள். துணி கிழியும் சத்தம் கேட்டது.

ஏர் மார்ஷல் தச்சர் பக்கம் திரும்பினார். அவர் கண்களில் உண்மையான வருத்தம் இருந்தது.

"தச்சரே, இப்படி ஒரு ஆளை வீட்டுல வச்சுக்கிட்டு இத்தனை நாளா எங்கிட்ட ஏன் சொல்லவே இல்லை?"